முதல் மின்னூல்: கைப்பிரதியிலிருந்து கடைத்தெரு வரை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. முதுநகர்த் துறைமுகத்தை வைத்து நாவல் எழுதி முடித்தவர் இருப்பார். புதுச்சேரி வீட்டுச் சமையலைப் படங்களோடு தொகுத்து வைத்திருப்பவர் இருப்பார். கவிதைகளை நோட்டில் சேர்த்து வைத்திருக்கும் கல்லூரி மாணவர் இருப்பார். மூவரும் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்: மின்னூலை அமேசானின் கிண்டிலில் போடுவதா, பிரதிலிபி செயலியில் போடுவதா, கூகுள் பிளே புக்ஸில் போடுவதா?

அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. முதலில் கையில் சுத்தமான யூனிகோடு கோப்பு, அதாவது எந்தப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் கோப்பு, ஒன்று இருக்க வேண்டும். அது இருந்தால் எந்தத் தளத்துக்கும் ஒரு மாலைப்பொழுதில் போய்விடலாம். அடுத்தது வரிசை. சில தளங்களில் நூலைப் போட்டுவிட்டால் வேறு சில இடங்களுக்கு அதைக் கொண்டுபோக முடியாது. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று தெரியாமல் போனால், எழுத்து நன்றாக இருந்தும் வாய்ப்புகள் கைநழுவிப் போகும். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே போகிறது.

கோப்பு யூனிகோடா என்று பாருங்கள்

டிடிபி கடையில் தட்டச்சுச் செய்து வாங்கிய கோப்பு என்றால், அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாக வந்தால் அது பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. காகிதத்தில் அச்சிட அது போதும், மின்னூலுக்கு உதவாது. வாசகரின் போனில் அந்த எழுத்துரு இருக்காது, தேடினாலும் சொல் அகப்படாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடைக்காரரிடம் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வேர்டோ, பேஜ்மேக்கரோ, இன்டிசைனோ, மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும்போது கேட்டால் கிடைத்துவிடும். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் கடைக் கணினியில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. மாற்றும் முறை இது. மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்டில் எழுத்துருவின் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியில் அதற்குரிய குறியீட்டைத் தேர்ந்து ஒரே ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள். சரியாக வந்தால் மட்டும் முழு நூலுக்கும் போங்கள். நூலில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றும் முன் அவற்றுக்கு மஞ்சள் வண்ணம் பூசி வையுங்கள். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை உட்கார வைத்திருக்கின்றன. ஆகவே முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றினால் உண்மையான ஆங்கிலச் சொல்லும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். ஒரு பிரெஞ்சுத் தெருப்பெயரை நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் அது என்னவாக இருந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

மாற்றிய பிறகு வழக்கமாக நிற்கும் பிழைகள் சில உண்டு. முதலாவது, கொம்பு இடம் மாறுவது. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முதலில் அடித்துப் பிறகுதான் மெய்யெழுத்தை அடிப்பார்கள். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். மாற்றும் கருவி ஓரிடத்தில் தடுமாறினால் ‘கொண்டு’ என்பது ‘ெகாண்டு’ என்று புள்ளி வட்டத்தோடு நிற்கும்.

இரண்டாவது பிழை கண்ணுக்கே தெரியாது. ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து ‘ஒளவையார்’ என்று வைத்திருப்பார்கள். ‘கௌரி’ அப்படியே ‘கெளரி’ ஆகியிருக்கும். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வாசகர் தேடினால் கிடைக்காது; போன் வாய்விட்டு வாசிக்கும்போது ‘ஒள-வையார்’ என்றே வாசிக்கும். ‘ஒள’, ‘கெள’, ‘மெள’, ‘செள’, ‘பெள’ என்று ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வோர் இடத்தையும் பார்த்துத் திருத்துங்கள். ‘ஒளி’, ‘ஒளவை’ இரண்டும் அதே எழுத்துகளில் தொடங்குவதால் ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை இங்கே அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஒளியெல்லாம் ஔியாகிவிடும். மூன்றாவது, துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருப்பது. தட்டச்சுப் பொறியில் பழகியவர்களிடம் இது அதிகம். இதைத் தேடிப் பிடிக்க முடியாது, படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

நோட்டில் கையால் எழுதியது என்றால் புதிதாகவே அடித்துவிடுவது நல்லது. போனில் ஜிபோர்டு, கணினியில் தமிழ்99 விசைப்பலகை, எது கைக்கு வருகிறதோ அது. கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சும் தமிழுக்கு வேலை செய்கிறது; நிறுத்தக்குறிகளை மட்டும் பிறகு நீங்கள் போட வேண்டியிருக்கும். இதழில் அச்சான பழைய கதை என்றால் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, அதை கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். அச்செழுத்துக்கு இது நன்றாகவே வரும், கையெழுத்துக்கு வராது.

வேர்டில் நூலை அடுக்குவது

மின்னூலில் பக்கம் என்று ஒன்று கிடையாது. வாசகர் போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கும். எனவே அச்சு நூலுக்குச் செய்யும் அலங்காரங்களில் பாதி இங்கே இடைஞ்சல்.

ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பையும் ‘ஹெடிங் 1’ பாணியில் வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்குவது மட்டும் போதாது. ஹெடிங் பாணி இருந்தால்தான் பொருளடக்கம் தானாக உருவாகும். அத்தியாயம் முடிந்ததும் என்டர் விசையைப் பத்து முறை தட்டாமல் ‘பேஜ் பிரேக்’ போடுங்கள். பத்தியின் தொடக்க இடைவெளிக்கு ஸ்பேஸோ டேபோ தட்டாமல், பத்தி அமைப்பில் முதல் வரி உள்தள்ளலைக் கொடுங்கள். பக்க எண், மேல்தலைப்பு, அடித்தலைப்பு எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். எழுத்தளவுக்கு மெனக்கெட வேண்டாம், அதை வாசகரே மாற்றிக்கொள்வார்.

கவிதைத் தொகுப்பு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பாடலுக்குள் வரி முடியும் இடத்தில் ஷிப்ட்டும் என்டரும் சேர்த்துத் தட்டுங்கள். பத்தி முடியும் இடத்தில் மட்டும் தனி என்டர். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி, வரிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விழும். நீளமான வரிகள் போன் திரையில் மடங்கியே தீரும். எங்கே மடங்கினால் பொருள் கெடும் என்று பார்த்து, அந்த இடங்களில் நீங்களே வரியை உடைத்துவிடுவது மேல்.

படங்களை வரியோடு ஒட்டி வையுங்கள். எழுத்து படத்தைச் சுற்றி ஓடும் அமைப்பு வேண்டாம். போனில் எடுத்த படம் நான்கைந்து எம்பி இருக்கும். நூலில் சேர்க்கும் முன் அகலத்தை 1600 பிக்சல் அளவுக்குக் குறைத்து ஜேபெக்காகச் சேமியுங்கள். இது அழகுக்காகச் சொல்வதில்லை. கோப்பின் எடை உங்கள் வருமானத்தைத் தின்னும். விலைப் பகுதியில் கணக்கோடு பார்ப்போம்.

மெய்ப்புப் பார்ப்பதில் அவசரம் கூடாது

எழுத்துப்பிழைக்கு ‘வாணி’, சந்திப்பிழைக்கு ‘நாவி’ என்று இணையத்தில் இலவசத் திருத்திகள் உள்ளன. அவை காட்டும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. முதுநகர் மீனவர் பேச்சை எழுதியிருந்தால் வட்டாரச் சொற்கள் அத்தனையையும் பிழை என்றே காட்டும். அவை உங்கள் நூலின் உயிர், கை வைக்காதீர்கள். ஆனால் ஒரே சொல்லை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் வேறோர் இடத்தில் வேறுவிதமாகவும் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஊர்ப்பெயர், பாத்திரப் பெயர், எண் எழுதும் முறை இவற்றுக்கு ஒரு தாளில் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டால் வேலை எளிது. திருப்பாதிரிப்புலியூர், திருப்பாப்புலியூர் இரண்டும் வழக்கில் உண்டு. பாத்திரம் பேசும்போது இரண்டாவது வரலாம், கதைசொல்லி எதைச் சொல்வார் என்று முடிவு செய்யுங்கள்.

கடைசி மெய்ப்பைக் கணினியில் பார்க்காமல் போனில் பாருங்கள். வாசகர் படிக்கப் போவது அதில்தான். உங்களைத் தவிர இன்னொருவர் ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை படாது.

ஈபப் கோப்பு

கேடிபி, அதாவது கிண்டிலுக்கு நூலை ஏற்றும் அமேசானின் தளம், வேர்டு கோப்பையும் ஏற்கும், மின்னூலுக்கென்றே உள்ள ஈபப் கோப்பையும் ஏற்கும். ஆனாலும் ஈபப் ஒன்றைச் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், கிண்டிலுக்கும் கூகுளுக்கும் அதுவே பொது. லிப்ரே ஆபீஸில் நேரடியாக ஈபப்பாக ஏற்றுமதி செய்யலாம். காலிபர் மென்பொருளில் வேர்டு கோப்பைக் கொடுத்தாலும் மாற்றித் தரும். உள்ளே நுழைந்து திருத்த சிகில் இருக்கிறது. மூன்றுமே இலவசம்.

மாற்றியதும் முதலில் மொழி என்ற இடத்தைப் பாருங்கள். பலருக்கும் அதில் ஆங்கிலம் என்றே நின்றிருக்கும். தமிழ் என்று மாற்றாவிட்டால் வாசித்துக் காட்டும் வசதியும் சொல் உடைக்கும் வசதியும் தாறுமாறாகும். எழுத்துருவை உள்ளே பொதிய வேண்டிய தேவை பொதுவாக இல்லை. பொதிந்தே ஆக வேண்டுமானால் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவை மட்டும் பொதியுங்கள். விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா போன்றவற்றை நூலோடு பகிர உங்களுக்கு உரிமை இல்லை.

கிண்டில் பிரிவியூவர் என்ற இலவச மென்பொருளில் திறந்து, போன், டேப்லெட், கிண்டில் என்று மூன்று திரைகளிலும் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் புரட்டுங்கள். பொருளடக்கத்தில் ஒவ்வொரு வரியையும் தொட்டு, சரியான இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள்.

அட்டை

அட்டையின் அளவு 1600 பிக்சல் அகலம், 2560 பிக்சல் உயரம். ஜேபெக்காக இருக்கட்டும். கடையில் வாசகர் முதலில் பார்ப்பது கட்டைவிரல் நக அளவுப் படத்தைத்தான். ஆகவே படத்தைச் சிறிதாக்கிப் பார்த்து, தலைப்பு படிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். மெல்லிய கோடுகள் உள்ள அலங்கார எழுத்துரு அந்த அளவில் கரைந்துபோகும்.

போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எழுத்துரு மேல் பழி போடாதீர்கள். அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான விருப்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சரியாகிவிடும். அட்டையை வேறொருவர் செய்து தந்தால், அவர் தமிழ் தெரியாதவராக இருந்தால், தலைப்பை எழுத்தெழுத்தாக நீங்கள் சரிபாருங்கள். அட்டையில் புள்ளி விட்டுப்போன நூல்களைக் கடையில் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

கூகுளில் கிடைத்த படத்தை எடுத்து அட்டையில் போடாதீர்கள். கடலூர்க் கடற்கரையோ புதுச்சேரித் தெருவோ வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் போய் நீங்களே எடுங்கள். அந்த நேரத்தில் ஒளியும் நன்றாக இருக்கும், கூட்டமும் இருக்காது. ஒருவரின் முகம் தெளிவாகத் தெரிந்தால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் அட்டையோ உரையோ மொழிபெயர்ப்போ செய்திருந்தால் கேடிபி அதைக் கேட்கும், உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

எடுத்தாளும் வரிகள், பதிப்புரிமை, ஐஎஸ்பிஎன்

அத்தியாயத் தொடக்கத்தில் நாலு வரி சினிமாப் பாட்டை வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அனுமதி இல்லாமல் வைக்காதீர்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை நீடிக்கும். நம் ஊருக்கே நெருக்கமானவர்களின் வரிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியும், 1874இல் மறைந்த வடலூர் வள்ளலாரும் எல்லோருக்கும் பொது. பாரதிதாசன் 1964இல் மறைந்தவர், அவருக்கும் 60 ஆண்டு கடந்துவிட்டது. ஆனால் அண்மையில் ஒருவர் எழுதிய உரையும் பதிப்புக் குறிப்புகளும் அவருடைய சொத்து. மூலப்பாட்டை எடுக்கலாம், உரையை எடுக்கக் கூடாது.

உங்கள் நூலின் பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் தில்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் இணைய வழியே பதியலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்.

நூல்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. ‘ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறோம்’ என்று தனியாகப் பெரிய தொகை கேட்டால், அது எண்ணுக்கான விலை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். கிண்டிலிலோ கூகுளிலோ வெளியிட ஐஎஸ்பிஎன் தேவையே இல்லை, அவை தம் சொந்த அடையாள எண்ணைக் கொடுத்துக்கொள்ளும். முதல் மின்னூலுக்காக இதில் காத்திருக்க வேண்டாம்.

எங்கே, எந்த வரிசையில்

இனி வரிசைக்கு வருவோம். நூலை எங்காவது ஏற்றும் முன் ஒரு கேள்வி: போட்டிக்கு அனுப்பப் போகிறீர்களா? தமிழ் இதழ்களும் அமைப்புகளும் நடத்தும் போட்டிகளில் ‘அச்சிலோ இணையத்திலோ வெளிவராதது’ என்ற விதி வழக்கமாக இருக்கும். பிரதிலிபியில் ஓர் அத்தியாயம் போட்டிருந்தாலும் அது வெளிவந்ததுதான். போட்டி எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களே இல்லாத புதியவருக்கு, தொடராகப் போகக்கூடிய கதைக்கு, பிரதிலிபி நல்ல இடம். போனிலேயே எழுதி அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடலாம், செலவில்லை, எதிர்வினை உடனே வரும். குடும்பக் கதை, காதல், திகில் போன்றவற்றுக்கு அங்கே வாசகர் அதிகம். ஆய்வு நூலுக்கும் கவிதைக்கும் அந்த அளவு எதிர்பார்க்காதீர்கள்.

பணம் முக்கியமில்லை, நூல் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பவர்களுக்கு, உள்ளூர் வரலாறு, சித்த மருத்துவக் குறிப்பு, மாணவர் கையேடு போன்றவற்றுக்கு, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்துவது. கணியம் அறக்கட்டளையைச் சேர்ந்தது. யாரும் இலவசமாகப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடச் சம்மதித்து மின்னஞ்சலில் கோப்பை அனுப்பினால் பல வடிவங்களில் செய்து இலவசமாகப் பகிர்வார்கள். இந்த உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. மறுபடி விற்க மாட்டேன் என்று தெளிவாக முடிவெடுத்த நூலுக்கு மட்டும் கொடுங்கள்.

கூகுள் பிளே புக்ஸ் ‘எங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்’ என்று கேட்பதில்லை. அதில் போட்டுவிட்டு வேறெங்கும் போடலாம். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் எவருக்கும் அது கைக்கெட்டும் தூரம்.

கிண்டிலில்தான் சிக்கல். கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபியில் இருந்தால் எடுக்க வேண்டும், கூகுளில் இருந்தால் எடுக்க வேண்டும், முகநூலில் தொடராகப் போட்டிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுப்பாடு மின்வடிவத்துக்கு மட்டுமே. அச்சுப் பிரதியை நெய்வேலி புத்தகக் காட்சியில் விற்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தமிழில் கேடிபி மின்னூல் மட்டும்தான் செய்கிறது. தேவைக்கேற்ப அச்சிடும் முறைக்கு சென்னையின் நோஷன் பிரஸ், பெங்களூருவின் போத்தி போன்ற இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஆக நாவலாசிரியருக்கு எங்கள் பரிந்துரை: போட்டி, பிறகு பிரதிலிபியில் பத்து சதவீதத்துக்குள் முதல் சில அத்தியாயங்கள் மட்டும், பிறகு முழு நூல் கேடிபி செலக்டில் 90 நாள், அதன்பின் தேவைப்பட்டால் கூகுள். சமையல் நூலுக்கும் படங்கள் நிறைந்த நூலுக்கும், படங்களைச் சுருக்காவிட்டால், செலக்டால் பெரிய லாபமில்லை. அப்படிப்பட்ட நூலைச் செலக்டில் சேர்க்காமல், நேராக கூகுளிலும் கிண்டிலிலும் ஒன்றாகப் போட்டுவிடலாம்.

கேடிபி கணக்கு

ஒருவருக்கு ஒரே கணக்கு. மகன் பெயரில் ஒன்று, உங்கள் பெயரில் ஒன்று என்று ஒரே நூலுக்கு இரண்டு தொடங்கினால் இரண்டும் முடக்கப்படலாம். உங்கள் பெயரை பான் அட்டையில் உள்ளபடியே கொடுங்கள். பான் அட்டையில் தந்தை பெயர் விரிவாகவும் வங்கியில் முன்னெழுத்தாகவும் இருப்பது நம் பக்கம் சாதாரணம். பணம் நின்றுபோவதற்கும் அதுவே காரணமாகலாம். முதலில் இரண்டையும் ஒத்துப்பாருங்கள். நூலின் மேல் புனைபெயர் போடுவதில் பிரச்சினையில்லை, கணக்கு மட்டும் உண்மைப் பெயரில் இருக்கட்டும்.

வரி விவரப் பகுதியில் சில கேள்விகள் வரும். இந்தியாவில் வசிப்பவர் என்று சொல்லி பான் எண்ணைக் கொடுத்தால், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அமெரிக்க விற்பனையின் உரிமைத்தொகையில் 15 சதவீதம் பிடிப்பார்கள். எண் கொடுக்காமல் தாண்டினால் 30 சதவீதம் பிடிபடும். சிங்கப்பூர், கனடா, அமெரிக்கா என்று உறவுகள் பரந்திருக்கும் ஊர் நம்முடையது, ஆகவே உலகம் முழுக்க விற்கும் உரிமையையே தேர்ந்தெடுங்கள்.

நூல் விவரப் பக்கத்தில் ஏழு தேடல் சொற்கள் கொடுக்கலாம். வாசகர்கள் தமிழ் எழுத்திலும் தேடுகிறார்கள், அதே சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தும் தேடுகிறார்கள். நான்கு இடத்தில் தமிழ், மூன்று இடத்தில் ஆங்கில எழுத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். ‘தமிழ் நாவல்’ என்று போட்டால் கடலில் ஒரு துளி. ‘கடலூர் மீனவர் நாவல்’ என்று போட்டால் தேடுபவர் குறைவு, ஆனால் தேடுபவர் கண்ணில் படுவீர்கள். அறிமுகக் குறிப்பின் முதல் இரண்டு வரியில் கதையைச் சொல்லுங்கள்; ஆசிரியரின் பட்டங்களும் விருதுகளும் கடைசியில் வரட்டும்.

சமர்ப்பித்தபின் 72 மணி நேரத்துக்குள் பொதுவாகக் கடைக்கு வந்துவிடும். நூல் ஏற்கெனவே இணையத்தில் எங்காவது இருந்தால், உரிமை உங்களுடையதுதானா என்று கேட்டு மின்னஞ்சல் வரலாம். பயப்படாமல், சொன்ன நாளுக்குள் ஆதாரத்தோடு பதில் போடுங்கள்.

விலைக் கணக்கு

கிண்டிலில் இரண்டு வகை உரிமைத்தொகை: 35 சதவீதம், 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் நூல் கேடிபி செலக்டில் இருக்க வேண்டும், விலை குறைந்தது 99 ரூபாயாக இருக்க வேண்டும். அச்சு நூலும் விற்பனையில் இருந்தால் மின்னூலின் விலை அதைவிட 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும். 70 சதவீத வகையில் ஒவ்வொரு எம்பிக்கும் 7 ரூபாய் அனுப்புக் கட்டணம் கழிப்பார்கள். 35 சதவீத வகையில் அது கிடையாது.

வரியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுவோம். படமில்லாத நாவல், ஒரு எம்பி, விலை 99. ஏழு ரூபாய் போக 92. அதில் 70 சதவீதம் 64 ரூபாய் 40 காசு. அதே நாவலை 98 ரூபாய்க்கு வைத்தால் 35 சதவீதம்தான், கிடைப்பது 34 ரூபாய் 30 காசு. ஒரு ரூபாயில் பாதி வருமானம் போய்விடுகிறது.

இனி சமையல் நூல், அதைச் செலக்டில் சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். படங்களைச் சுருக்காமல் போட்டதில் 12 எம்பி, விலை 149. கட்டணம் மட்டும் 84 ரூபாய். மிச்சம் 65, அதில் 70 சதவீதம் 45 ரூபாய் 50 காசு. 35 சதவீத வகையையே எடுத்திருந்தால் 52 ரூபாய் கிடைத்திருக்கும்! படங்களைச் சுருக்கி 3 எம்பிக்குக் கொண்டுவந்தால் கட்டணம் 21, கையில் வருவது 89 ரூபாய் 60 காசு. ஒரு பிற்பகல் வேலைக்கு ஒவ்வொரு பிரதியிலும் 44 ரூபாய் கூடுகிறது. கழிக்கப்படுவது நீங்கள் ஏற்றிய கோப்பின் எடைக்கு இல்லை, அமேசான் மாற்றியபின் வரும் எடைக்கு. விலையிடும் பக்கத்திலேயே அந்த எண் தெரியும், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செலக்டில் இருந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் இலவசமாகப் படிப்பார்கள். படித்த பக்கங்களுக்கு உங்களுக்குப் பணம் வரும். பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதத்துக்கு மாதம் மாறும். தமிழ் நாவல்களுக்கு விற்பனையைவிட இந்தப் பக்கக் கணக்கில் அதிகம் வருவது சகஜம். ஜூன் மாத விற்பனைக்கான பணம் ஆகஸ்ட் இறுதிவாக்கில் வங்கிக்கு வரும். அதுவரை ஒன்றும் வரவில்லையே என்று பதற வேண்டாம்.

பதிப்பகம் மின்னூல் உரிமை கேட்டால்

நூலைத் தாங்களே மின்னூலாக்கித் தருகிறோம் என்று வரும் நிறுவனங்கள் பல. நல்லவையும் உண்டு. எப்படி இருந்தாலும் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கோப்பைக் கொடுக்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் ‘எல்லா வடிவங்களும், எல்லா மொழிகளும், நிரந்தரமாக’ என்ற சொற்கள் இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை அடித்துவிட்டு, மின்னூலுக்கு மட்டும், மூன்று ஆண்டுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். உரிமைத்தொகை எத்தனை சதவீதம், அது விற்பனை விலையிலா நிறுவனத்துக்கு வரும் தொகையிலா, கணக்கு எப்போது வரும், இந்த மூன்றும் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்களிடமே பணம் வாங்கிக்கொண்டு உரிமையையும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெளிவந்த பிறகு

முதல் வாரத்தில் நீங்களே ஒரு பிரதி வாங்கிப் படியுங்கள். வாசகர் சுட்டும் பிழைகளை ஒரு பட்டியலில் சேர்த்து, மாதம் ஒரு முறை திருத்திய கோப்பை ஏற்றுங்கள். மூலக் கோப்பையும் ஈபப்பையும் அட்டையையும் மின்னஞ்சலில் ஒன்று, டிரைவில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவது நமக்குப் புதிதில்லை. கணினி போனாலும் நூல் போகக் கூடாது.

குடும்பத்தாரையும் நெருங்கிய நண்பர்களையும் அமேசானில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். அது அங்கே விதிமீறல், நீக்கிவிடுவார்கள். அறிமுகமில்லாத வாசகர் பத்துப் பேரிடம் போய்ச் சேர வழி பாருங்கள். செலக்டில் 90 நாளுக்கு ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். அந்த ஐந்தையும் ஒரே மூச்சில் செலவழிக்காமல், முதலில் ஒரு சனி, ஞாயிறு, மீதியைப் பொங்கலுக்கோ புத்தகக் காட்சி நடக்கும் வாரத்துக்கோ வைத்திருங்கள். புத்தகக் காட்சிக்குப் போகும்போது அட்டைப்படமும் கியூஆர் குறியீடும் அச்சிட்ட சீட்டு நூறு எடுத்துச் செல்லுங்கள். தருவதற்கு முன் உங்கள் போனில் ஒரு முறை ஸ்கேன் செய்து, சரியான பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள்.

கேடிபி செலக்ட் 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நூலைச் சேர்த்த அன்றே காலண்டரில் 85ஆம் நாளைக் குறித்துவிடுங்கள். அன்று பக்கக் கணக்கைப் பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் தானியங்கிப் புதுப்பிப்புக்கான டிக்கை எடுத்துவிட்டு, 90 நாள் முடிந்து செலக்டிலிருந்து நூல் வெளியே வந்ததை உறுதிசெய்துகொண்டு, அதே ஈபப்பை கூகுளில் ஏற்றுங்கள்.